கேட்டுத்தான் தூக்குவோம்

என்னை யாராவது புத்திசாலி என்று சொன்னால், என் மனைவி சிரிப்பை அடக்க அடுப்படிக்குப் போய்விடுவாள். காரணம் மஸ்கெலியாவில் உள்ள ஒரு கான். (தேயிலைத் தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.)

தொண்ணூறுகளின் கடைசி. பட்டம் வாங்கிய சூடு ஆறாத நான், ஓர் உதவி நிறுவனத்தில் மதிப்பீட்டாளர். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடந்த சின்னச் சேவையின் பணிக்கூற்றை, அதாவது அதன் நோக்கத்தைச் சொல்லும் வாசகத்தை, ஆராய்ந்து வரச் சொன்னார்கள். நான் நல்லபடி எழுதினால் சேவை தொடரும். இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான். அந்த அதிகாரம் தலைக்கேற, புதுச் சப்பாத்தோடு பஸ் ஏறினேன்.

சேவையை நடத்தியவர் செல்வமணி அக்கா. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் ஊன்றுகோலோடு நடப்பவர். அவருடைய ஒற்றை அறை அலுவலகச் சுவரில் பணிக்கூற்று ஒட்டியிருந்தது. மொத்தமே ஒரு வரி: "கேட்டுத்தான் தூக்குவோம், வேணாமுன்னா விட்டுருவோம்."

"என்னங்க இது, பஸ்ஸுல எழுதிப் போடுற மாதிரி இருக்கு," என்றேன். "வலுவூட்டல், நிலைபேறுன்னு ஒரு சொல்லாவது வர வேணாமா?"

"எங்கள எல்லாம் கேக்காமலேதான் தூக்குவாங்க சார்," என்றார் அக்கா. "திருவிழான்னா தூக்கி ஓரமா ஒக்கார வச்சிருவாங்க. கல்யாண வீடுன்னா தூக்கி உள்ள விட்டுருவாங்க. அதான் இப்படி எழுதிக்கிட்டோம்."

நெஞ்சில் தைக்க வேண்டிய பேச்சு. நானோ 'மொழி தரமாக இல்லை' என்று குறித்துக்கொண்டு, பத்துக்கு மூன்று போட்டேன். (மூன்றே தாராளம் என்று நினைப்பு.)

பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கிளம்பினோம். கண் பார்வை இல்லாத முத்தையா அண்ணன் எங்களுக்கு முன்னால் கற்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். தூறல் வேறு, படியெல்லாம் பாசி. எனக்கு இரக்கம் பொங்கிவிட்டது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேணாந் தம்பி, விட்டுருங்க. படி எனக்குத் தெரியும்."

"பரவாயில்ல அண்ணே," என்று இழுத்தேன். அவர் கையை உருவிக்கொண்டு அசையாமல் நின்றார். என் புதுச் சப்பாத்து நிற்கவில்லை. நாலு படி சறுக்கிப் போய்க் கானுக்குள் மல்லாக்க விழுந்தேன். கணுக்கால் பிசகிவிட்டது.

ஏழெட்டுப் பேர் கூடினார்கள். ஒருவரும் என்னைத் தொடவில்லை. அக்கா குனிந்து, "சார், தூக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

அதிகாரி மானம் விடுமா? "வேணாங்க, நானே எந்திரிச்சுக்குவேன்."

"சரிங்க."

விட்டுவிட்டார்கள். ஒருவர் குடை பிடித்தார். இன்னொருவர் பிளேன்டீ கொண்டுவந்தார், கானில் கிடந்தபடியே குடித்தேன். இரண்டு தடவை எழப் பார்த்து, இரண்டு தடவையும் சேற்றில் உட்கார்ந்தேன். ஒரு முகத்திலும் கேலி இல்லை, அவசரமும் இல்லை. நான் எழுந்துவிடுவேன் என்று உண்மையாகவே நம்பி, நனைந்துகொண்டு நின்றார்கள். எவ்வளவு பெரிய மனிதர்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, தூக்குங்க," என்றேன்.

"எந்தப் பக்கமா புடிச்சா வலிக்காது தம்பி?" என்று முதலில் கேட்டவர் முத்தையா அண்ணன்தான்.

கம்பில் கம்பளியைக் கட்டி, என்னை அதில் போட்டு டிஸ்பென்சரிக்குச் சுமந்தார்கள். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பதறிப்போய், "யாரு போயிட்டாங்க?" என்று கேட்டார்.

"போகல. நம்மள ஆராய வந்தவரு," என்றார் அக்கா. அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். கம்பளிக்குள் நானும் சிரித்தேன்.

அறிக்கையில் மூன்றை அடித்துவிட்டுப் பத்துக்குப் பத்து போட்டேன். 'ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். மதிப்பீட்டாளர் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்' என்று எழுதினேன். மேலதிகாரி அந்தக் கடைசி வரியை வெட்டிவிட்டு, சேவையைத் தொடர விட்டார்.

இப்போது எனக்கு முழங்கால் வலி. கதிரையிலிருந்து எழத் திணறினால், மனைவி பிளேன்டீயோடு முன்னால் வந்து நின்று, "சார், தூக்கட்டுங்களா?" என்பாள். வீம்புக்கு வேண்டாம் என்றால், டீயைக் கையில் கொடுத்து அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவாள்.