ஏழு பேர் உட்காரும் ரேஸ் கார்

அச்சடித்த காகிதத்துக்கும் எனக்கும் தகராறு வந்தால், தப்பு என் மேல்தான் என்று விசாரணைக்கு முன்பே ஒத்துக்கொள்கிற ஆள் நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பஸ் டிக்கெட்டில் வேறு ஊர் பெயர் இருந்தால் கண்டக்டரைக் கேட்க மாட்டேன். அந்த ஊரிலேயே இறங்கிவிடலாமா என்று யோசிப்பேன். (சிரிக்காதீர்கள், ஒருமுறை இறங்கியும் இருக்கிறேன்.)

இப்படிப்பட்ட நான்தான் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்.

ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கதவுக்கு ரப்பர் மாட்டுகிற வேலை எனக்கு. பதினோரு வருஷமாக யார் யாருடைய கார்களுக்கோ ரப்பர் மாட்டிவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு சேரப்பணஞ்சேரி வந்து சேருகிறவன். படப்பையில் நஸீர் பாய் ஒர்க்‌ஷாப்பில் தார்ப்பாய்க்கு அடியில் அந்தச் சிவப்பு வண்டியைப் பார்த்ததும் புத்தி பேதலித்துவிட்டது. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. பெயர் சால்வோ. உலகத்திலேயே நானாகப் பார்த்து ஆசைப்பட்ட ஒரே கார்.

பாய் அதை இழுத்துவந்து வீட்டு வாசலில் விட்டதும் என் மனைவி ரெஜினா ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

“புள்ளைங்க எங்க குந்தும்?”

நான் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“இன்சூரன்ஸ் வேற செத்துப் போயி கீது. அது இல்லாம வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆவலைன்னா, திங்கக்கிழமை பாய் கிட்டயே தள்ளிக்கினு போயி வித்துக் குடுக்கச் சொல்லுங்க.”

ரெஜினாவின் தம்பி ஜோசப் குன்றத்தூரில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். போனிலேயே விவரம் கேட்டு, படிவத்தை நிரப்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை சர்வேயர் நேரில் வந்து வண்டியைப் பார்ப்பார், எல்லாம் சரியாக இருந்தால் பாலிசி வரும் என்றான். நான் அதைப் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். வண்டியின் பெயர்: சால்வோ. சரி. இருக்கைகள்: ஏழு.

விஷயம் இதுதான். என் சால்வோ சரியாக விற்காததால் அதைச் செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பல வருஷம் கழித்து, பெயரை வீணாக்குவானேன் என்று ஒரு ஏழு சீட்டு வண்டிக்கு அதையே வைத்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஆளை அடைத்துக்கொண்டு ஷேர் வண்டியாக ஓடுகிறதே, அதுதான். கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த சால்வோவைப் படிவத்தில் போட்டுவிட்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: காகிதத்தில் ஏழு, வண்டியில் ரெண்டு. ஐந்து குறைகிறது.

நேராகக் கேட்டிருக்கலாம். ‘மாமாவுக்கு ஒரு ஃபாரம் படிக்கத் தெரியலையே’ என்று நினைத்துவிடுவானோ என்ற பயத்தில் சுற்றி வளைத்தேன்.

“ஜோசப்பு, அந்தப் பேப்பர்ல இருக்கிறதெல்லாம் வண்டில இருக்கணுமா?”

“பின்ன இன்னா மாமா? ஒரு நம்பர் மாறுனாலும் ரிஜெக்ட்டுதான்.”

“இல்ல, பேப்பரை மாத்தறதுக்கு...”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? நீங்க வண்டியை ரெடி பண்ணி வையுங்க.”

ரெடி பண்ணினேன்.

எங்கள் கம்பெனி லைனில் ஒவ்வொருத்தன் தலைக்கு மேலும், மேசையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு தாள் தொங்கும். ஆடிட் என்று சோதனை போட ஆள் வருகிற அன்று, தாளில் மூன்று டப்பா என்று போட்டு மேசையில் ரெண்டு இருந்தால், சூப்பர்வைசர் தாளைத் திருத்த மாட்டார். ஓடிப்போய் இன்னொரு டப்பா கொண்டுவந்து வைப்பார். ஒன்பதாவதுக்குப் பிறகு நான் படித்த படிப்பு அது ஒன்றுதான்.

சனிக்கிழமை ரெஜினாவுக்கு அவள் கம்பெனியில் ஓவர்டைம். அவள் கிளம்பியதும் நஸீர் பாய் பழைய வேன் சீட்டுகளையும் டிரில்லையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“இன்னா நைனா, இதுல இன்னும் அஞ்சு பேரா? மனுசங்களா, மொசக்குட்டிங்களா?”

“ஆடிட்டு பாய்.”

பாய் உடனே டிரில்லைக் கையில் எடுத்தார். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை. அவர் ஓட்டை போட, நான் போல்ட் முடுக்கினேன். முன் சீட்டுக்குப் பின்னால் மூன்று பேருக்கு ஒரு பெஞ்சு, டிக்கியில் ரெண்டு பேருக்கு இன்னொன்று. டிக்கியை மூடவும் முடிந்தது, உட்காருகிறவர்களுக்குத் தலை இல்லாமல் இருந்தால். மேலே தார்ப்பாயைப் போர்த்தி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது சர்வேயர் வாசலில் நின்றிருந்தார். நான் தார்ப்பாயை விலக்கினேன். நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தார், கதவைத் திறந்து உள்ளே குனிந்தார்.

“சார், இது இன்னாது?”

“சீட்டு சார். ஏழும் கீது, எண்ணிக்கலாம்.”

“எனக்கு வந்த பேப்பர்ல ரெண்டுதானே? பழைய மாடல்னு உங்க ஏஜென்ட் வெள்ளிக்கிழமையே திருத்தி அனுப்பிட்டாரே!”

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். சர்வேயர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். “இப்ப இது ரெண்டு சீட்டு வண்டியும் இல்ல, ஏழு சீட்டு வண்டியும் இல்ல. நான் இன்னான்னு எழுதுறது? ரிஜெக்ட்டுதான் சார்.”

தலைக்குள் திங்கட்கிழமை விடிந்துவிட்டது. ஒரு தெரு தூரம்கூட ஓட்டாத வண்டியின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் அது கொதித்தது. கையை எடுக்க மனசு வரவில்லை.

உள்ளிருந்து வந்த ரெஜினா பெஞ்சைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கூரை மேல் இருந்த கையையும் பார்த்தாள். உள்ளே போய் ஸ்பேனரோடு வந்தாள்.

“சார், ஒரு டீ சாப்புடுங்க. அதுக்குள்ள கழட்டிட்றேன்.”

“போல்ட் போட்டிருக்காங்கம்மா. நேரமாவும்.”

“இவரு டைட் பண்ண போல்ட்டு சார். கையாலயே வரும்.”

கையாலேயே வந்தது. (எனக்குக் கம்பெனியில் பதினோரு வருஷ அனுபவம்.) சர்வேயர் டீயை முடிப்பதற்குள் ரெண்டு பெஞ்சும் தெருவில் கிடந்தன. தரையில் எட்டு ஓட்டைகள். அதை வெல்டிங் வைத்து அடைத்து, போட்டோ அனுப்பினால் பாஸ் போடுகிறேன் என்றார். அன்று சாயங்காலமே பாய் அடைத்துக் கொடுத்தார், பாலிசியும் வந்தது.

“நீதானே விக்கச் சொன்ன?” என்று அவளைக் கேட்டேன்.

“வித்தா, வாங்குறவன் இது இன்னா எட்டு ஒட்டுன்னு கேப்பான். நீங்க உண்மையைச் சொல்லுவீங்க. மானம் போவும். இங்கயே கெடக்கட்டும்.”

இன்றுவரை இங்கேதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் போகிறோம். பிள்ளைகள் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் பாலிசி புதுப்பிக்கிற சமயம் ஜோசப் ஸ்பீக்கரில் கூப்பிட்டு, குடும்பமே கேட்கும்படி, “மாமா, பேப்பர்ல ரெண்டுன்னு போட்டிருக்கேன். வண்டில எத்தனை கீதுன்னு எண்ணிச் சொல்லுங்க” என்பான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சிரித்து முடித்து, அவரவர் வேலைக்குப் போனதும், சத்தமில்லாமல் கதவைத் திறந்து ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன்.