‘அதாவது’ன்னு ஆரம்பிச்ச வினை

இனிமே எம் பொண்டாட்டிகூட சண்டையே போடறதில்லன்னு ஒரு நாளு சபதம் எடுத்தேன். எனக்கு நல்ல புத்தி வந்துடுச்சுன்னு நெனச்சுக்காதீங்க. சண்டை போடாமயே ஜெயிக்க ஒரு வழி கெடச்சுது. அதுவும் ஓசியில.

எம் பேரு எலியேசர். தாம்பரம் டேசனாண்ட வாடகை சைக்கிள் கடை. படிப்பு மூணாங்கிளாசு. அதுலயும் பாதி நாளு வாத்தியாரு சைக்கிளுக்குக் காத்தடிச்சதுலயே போச்சு.

நிலாவுல மனுசன் கால் வச்ச வருசம் அது. செம்பாக்கத்துல எங்க வூட்ல கால் வைக்க எம் மச்சினன் ஜெபராஜு கூடுவாஞ்சேரிலேந்து கெளம்பிக்கினு இருந்ததும் அதே வருசந்தான். நிலாவுல கால் வச்சவன் திரும்பிப் பூட்டான். இவன் வந்தா போவ மாட்டான். போன தபா வந்து கடைல குந்தினப்ப, சைக்கிள் எடுத்தவனெல்லாம் இவனுக்கு சிநேகிதன் ஆயிட்டான். சிநேகிதனாண்ட வாடகை கேக்கலாமா? கேக்கல. சைக்கிளையும் கேக்கல.

“அவன் வரக்கூடாது”ன்னு எம் பொண்டாட்டி தபீதாகிட்ட நேராவே சொல்லிப் பாத்தேன். அன்னியோட ரசத்துல உப்பு நின்னுபோச்சு.

அப்பதான் காலேஜ் வாத்தியாருங்க ரெண்டு பேரு பஞ்சரான சைக்கிளத் தள்ளிக்கினு கடைக்கு வந்தாங்க. தோத்தாத்ரி சாரு, தனசிங் சாரு. சமூகப்பணின்னு ஒரு படிப்பு சொல்லித் தர்றாங்க. கிராமங்கிராமமாப் போயி, ஜனங்க கஷ்டத்த விசாரிச்சு ஆராய்ச்சி எழுதறாங்க. நான் ஒட்டிக்கினு இருந்தேன். அவங்க வெட்டிக்கினு இருந்தாங்க.

“கஷ்டத்துல இருக்கறவங்களுக்கு நாம புத்தியே சொல்லக்கூடாது தனசிங்”னாரு தோத்தாத்ரி சாரு. “அவங்க சொல்றத அவங்களுக்கே அமைதியா திருப்பிச் சொல்லணும். அப்பதான் அவங்க மனசு அவங்களுக்கே புரியும். சரியான முடிவ அவங்களே எடுப்பாங்க. அதுதான் கேஸ் ஒர்க்.”

“வீட்டுக்குள்ள ஏரித் தண்ணி வந்துடுச்சுன்னு ஒருத்தன் அழறான். ‘அதாவது, உங்க வீட்ல தண்ணி இருக்கு’ன்னு திருப்பிச் சொல்லுவீங்களா? கால்வாய் வெட்டணும் சார். சர்க்கார் கொள்கையே மாறணும்.”

“கால்வாய் வேணும்னு அவங்களுக்கா தோணணும்!”

“தோணறதுக்குள்ள தோணி வேணும்!”

நான் நடுவுல பூந்தேன். “கேஸுன்னா போலீசு கேஸா சார்?”

“இல்லப்பா. பிரச்னையோட வர்ற மனுஷர்தான் கேஸ்.”

“அப்ப எங்கூட்லயே ஒரு கேஸ் கீது சார். இந்த வைத்தியம் பொண்டாட்டிகிட்ட பலிக்குமா?”

“எல்லார்கிட்டயும் பலிக்கும். ஆராய்ச்சியே இருக்கு”ன்னாரு தோத்தாத்ரி சாரு.

“எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா. இவருக்கு இன்னும் ஆகல. அதையும் யோசிச்சுக்கோ”ன்னாரு தனசிங் சாரு.

யோசிச்சிருக்கணும். பஞ்சர் கூலி வாணாம் சார், காணிக்கையா வச்சுக்கோங்கன்னு அனுப்பி வச்சேன்.

சாயங்காலம் வூட்டுக்குப் போனா, தபீதா கத்திரிக்கா அரிஞ்சுகினு இருந்தா. காப்பித்தூள் கடன் கேக்க வந்த பக்கத்து வூட்டு ஞானாம்பா அக்கா டம்ளரோட நின்னுகினு இருந்தாங்க.

“ஜெபராஜு அடுத்த வாரம் வரான்”னா தபீதா.

நான் மூஞ்சிய சாந்தமா வச்சுக்கினு, “அதாவது, ஜெபராஜு அடுத்த வாரம் வரான்”னேன்.

அருவாமணையில பாதிக் கத்திரிக்கா அப்டியே நின்னுச்சு.

“இன்னா சொன்ன?”

“அதாவது, நான் இன்னா சொன்னேன்னு கேக்கற.”

“குடிச்சுக் கீறியா?”

“குடிச்சுக் கீறேனோன்னு உனக்கு ஒரு சந்தேகம்.”

எழுந்து வந்து மோந்து பாத்தா. பஞ்சர் ஒட்ற சொலூசன் வாசனதான் அடிச்சுது. திரும்பப் போயி குந்திக்கினா.

“பாவம், புள்ள வேலயில்லாம கீறான்.”

“பாவம். வேலயில்லாம கீறான்.”

“கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டும்.”

“இங்கயே இருக்கட்டும்.”

அவ மூஞ்சில இன்னாமோ மின்னுச்சு. ஆகா, மனசு புரிய ஆரம்பிச்சுடுச்சுடான்னு நான் நெனச்சேன்.

“முன் ரூம்ப அவனுக்கு வுட்டுட்டு நீ பொறத்தாண்ட படுத்துக்கலாம்.”

“நான் பொறத்தாண்ட படுத்துக்கலாம்.”

“கடையில கல்லாவாண்ட அவனே குந்தட்டும்.”

“அவனே குந்தட்டும்.”

“ஞானாம்பாக்கா! கேட்டுக்கினீங்களா?”

“கேட்டேன்டி தபீதா, காது குளிர கேட்டேன். எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காரே. நான் ‘ஆமாம்’னு சொன்னாக்கூட ‘இல்ல’ன்னுதான் ஆரம்பிப்பார்.”

“இருங்கக்கா, அவ இன்னும் முடிவே எடுக்கல”ன்னேன்.

“எடுத்துட்டேன். அடுத்த வாரம் இன்னாத்துக்கு? நாளைக்கே வரச் சொல்லிடறேன்”னா.

மறுநாளே ஜெபராஜு வந்து எறங்கினான். ஒரு ட்ரங்குப் பொட்டி, ஒரு ஆர்மோனியம். “மாமா! அக்கா எல்லாம் சொல்லிச்சு. உங்க மனசு யாருக்கு மாமா வரும்!”னு கட்டிப் புடிச்சான். அப்டியே கடைச் சாவியையும் இடுப்புலேந்து உருவிக்கினான்.

நான் வாத்தியாருங்களத் தேடி ஓடினேன். டீக்கடைல ஒட்டாம வெட்டிக்கினு இருந்தாங்க. நடந்தத சொன்னேன்.

“பிரமாதம்!”னு குதிச்சாரு தோத்தாத்ரி சாரு. “பாத்தீங்களா தனசிங், அந்தம்மா தானாவே முடிவெடுத்துட்டாங்க!”

“எடுத்தது எங் கடைய சார்!”

“முடிவு கெடக்கட்டும். வேலையில்லாத ஒருத்தனுக்கு வேலையும் வீடும் கெடச்சிருக்கு. இது என் கட்சிக்குத்தான் வெற்றி”ன்னாரு தனசிங் சாரு.

நான் பாத்து அப்பதான் மொத தபா ரெண்டு பேருக்கும் ஒரு விசயத்துல ஒத்துப்போச்சு. எனக்கு ஒரு உதவியும் தேவையில்லங்கறதுல.

வூட்டுக்கு வந்தேன். முன் ரூம்புல ஆர்மோனியம் பாடிக்கினு இருந்துச்சு. எம் பாய் பொறத்தாண்ட போயிக் கெடந்துச்சு.

“இந்தா தபீதா, நல்லாக் கேட்டுக்கோ. நான் எதுக்கும் ஒத்துக்கல. நீ சொன்னத அப்டியே திருப்பிச் சொன்னேன். அவ்ளோதான். அது எப்டி வாக்கு குடுத்ததா ஆவும்?”

அவ சோத்தப் போட்டுக்கினே, தல நிமிராம கேட்டா:

“கோயில்ல பாஸ்டரய்யா சொல்லச் சொல்ல நீ திருப்பித்தான சொன்ன? அப்ப நமக்குக் கல்யாணமே ஆவலங்கறியா?”