புளியமரம் ஸ்டாப்பில் ஒரு பொன்னாடை

மைக் கையில் கிடைத்தால் புத்தி கெட்டுப்போகிற ஆள் நான். அதுவும் ஊர்ப் பெருமை பேசச் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் கள்ளக்குறிச்சி விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான புதிது. எனக்கும் கல்யாணமான புதிது. மாமனார் விழுப்புரத்துக்காரர், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். தலைதீபாவளி விருந்தில் என் இலையில் வடையை வைத்துக்கொண்டே கேட்டார்.

"உங்க ஊர்ல இன்னா மாப்ள இருக்குது? எங்ககிட்டருந்து பிரிஞ்சி போனது ஒண்ணுதான் உங்க வரலாறு."

எல்லோரும் சிரித்தார்கள். (என் மனைவி செல்வியும்தான்.) இந்த மனுஷன் வாயாலேயே 'உங்க ஊரு பெரிய ஊரு' என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊர்க்காரர்களைத் திரட்டி 'நம்ம ஊரை நடந்து பார்ப்போம்' என்று ஏற்பாடு செய்தேன். பன்னிரண்டு இடங்கள், பன்னிரண்டிலும் என் பேச்சு. கூட்டத்தின் முன்னால், விழுப்புரத்திலிருந்து வரவழைத்த மாமனார். முடிவில் எனக்குப் போர்த்த ஒரு பொன்னாடையை நானே வாங்கிச் செல்வியின் பையில் வைத்திருந்தேன். (இதற்கெல்லாம் அடுத்தவரை நம்ப முடியுமா?)

முதல் இடம் புளியமரம் ஸ்டாப். மரம் எப்போதோ போய்விட்டது, பெயர் மட்டும் பாக்கி.

"இதோ, இந்த மருந்துக்கடை இருக்கும் இடத்தில்தான் அந்த மரம்..." என்று ஆரம்பித்தேன்.

"யாரு சொன்னது? மரம் அந்தாண்ட, டீக்கடைகிட்ட இருந்துச்சி" என்றார் தையற்கடைக்காரர்.

"இத்தினி வருசமா இங்க பூ வித்துக்கினு இருக்கறேன், எனக்குத் தெரியாதா? என் கூடை இருக்கற எடந்தான்" என்றார் பூக்கார அம்மா.

கூட்டம் மூன்று கட்சியானது. கச்சிராயபாளையம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸைக் கோட்டைவிட்டு, ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்தார்கள். ஒருவர் மரத்திலிருந்து விழுந்த தழும்பைக் காட்டினார். நான் மைக்கில் "அமைதி! அமைதி!" என்று கத்தினேன்.

"நீ சும்மா இருப்பா. அப்ப நீ பொறக்கவே இல்ல" என்றார் பூக்கார அம்மா.

மாமனார் முன்னே வந்து மைக்கை வாங்கினார்.

"இந்த ரூட்ல ரொம்ப வருசம் டூட்டி பாத்தவன் நான். பஸ் நின்னா முன்படி பூக்கடைகிட்ட, பின்படி டீக்கடைகிட்ட. நடுவுல மரம். கிளை ஜன்னல்ல ஒரசும். 'தலைய உள்ள இழு'ன்னு நான் கத்தாத நாளே கெடையாது."

பூக்கார அம்மா அவரை உற்றுப் பார்த்தார். "அட, தலைய உள்ள இழு கண்டக்டரு! நீங்களா? இப்பிடி நரைச்சிப் போச்சே!"

அவ்வளவுதான், கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. தையற்கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்கப்பாவ ஞாபகம் இருக்குதுங்களா? உங்க பஸ்ல வருவாருங்க."

"தையல் மிஷின மடியில வச்சிக்கினு வருவாரே, அவரா? லக்கேஜ் டிக்கெட்டு போட வுட மாட்டாரே!"

தையற்கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இவருக்கு ஏதாச்சும் மரியாதை செய்யணுமே" என்றது கூட்டம். செல்வி என் பக்கம் திரும்பாமலே பையைத் திறந்தாள்.

பொன்னாடையோடு நின்ற மாமனார் மைக்கில் சொன்னார்: "உங்க ஊரு பெரிய ஊரு மாப்ள. வந்து போன கண்டக்டரக்கூட ஞாபகம் வச்சிக்கினு இருக்குது."

நான் ஆசைப்பட்டது நடந்தே விட்டது. ஆனால் என்னை ஒருவரும் பார்க்கவில்லை. மீதிப் பதினோரு இடங்களுக்கு நாங்கள் போகவுமில்லை.

இன்றும் நான் எந்த விசேஷத்திலாவது தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தால் போதும், மாமனார் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. செல்வியும் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துகிறார்கள்: "தலைய உள்ள இழு!"