பல் தேய்க்கும் வாத்தும் டிக்கெட் எடுக்காத பசுவும்

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய இங்கர் அக்காவுக்கு,

மார்ஸ்டாலிலிருந்து உன் தம்பி தோர்கில் எழுதிக்கொள்வது. அத்தானின் முதுகுவலி குறைந்திருக்கும் என்றும், உங்கள் தோட்டத்து ஸ்ட்ராபெரியை இந்த வருஷமாவது நத்தைகளுக்கு முன்னால் நீங்கள் தின்றிருப்பீர்கள் என்றும் நம்புகிறேன். இங்கே என் வீட்டுக்காரி பிர்கித் நலம். மகள் டில்டாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. என்னைப் பற்றி மட்டும் கேட்காதே. காலில் மாவுக்கட்டு அப்படியே இருக்கிறது. உள்ளே அரிக்கிறது, பிர்கித்தின் பின்னல் ஊசியை விட்டுச் சொறிகிறேன். ஃபெர்ரிக் கப்பலில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவன், ஒரு சுற்றுலாக்காரர் போட்ட ஐஸ்கிரீமில் வழுக்கி விழுந்தேன் என்பதைத் தீவு முழுக்கப் பேசியாகிவிட்டது. அதை விடு. இது கால் பற்றிய கடிதம் இல்லை.

பள்ளிக்கூடம் மூடும் நாளில் டில்டாவின் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எழுத்தெல்லாம் தெரியுது. ஆனா வாசிக்கறப்ப பாதியில நின்னுடறா, திரும்பத் திரும்ப முதல் வரிக்கே போறா. லீவுல வீட்ல தினம் கொஞ்ச நேரம் சேர்ந்து உக்காந்து வாசிங்க. விட்டுட்டா கத்துக்கிட்டதும் போயிடும்” என்றார். வீட்டுக்கு வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துகிறவள். நீ என்ன சொன்னாய்? “காலை ஒடச்சுக்கிட்டு சும்மாதானேடா உக்காந்திருக்க? கப்பல் கயிறு இழுக்கற கையால ஒரு புஸ்தகத்தைப் புரட்டக் கூடாதா?” என்றாய். அடுத்த ஃபெர்ரியில் ஒரு பெட்டி நிறையப் புத்தகமும் வந்து இறங்கிவிட்டது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா. கொஞ்சம் சொன்னாலே நிறையச் செய்துவிடுகிற தம்பி என்று தெரிந்தும் சொன்னாயே என்பதுதான் வருத்தம்.

வீட்டில் கண்ணில் படுகிற சாமானுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினால் குழந்தை போகிற வருகிற வழியில் தானே படிக்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவு, ஜன்னல், மேசை, ரொட்டிப் பெட்டி என்று ஆரம்பித்தேன், ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பூனைக்கு ஒட்டப்போய் கையில் கீறல் வாங்கினேன், வேலை முடிந்து வந்து சோபாவில் அசந்து தூங்கிய பிர்கித்தின் தோளில் ‘அம்மா’ என்று ஒட்டியதை அவள் கவனிக்காமல் மறுநாள் அதோடேயே முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டாள், அங்கே ஞாபகம் தப்பிய ஒரு பெரியவர் நாள் முழுக்க அவளை அம்மா என்றே கூப்பிட்டாராம். டில்டா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு பிரேபன் காபிக்கு வந்தார். துறைமுகத்துக்குக் கப்பல்களை வழிகாட்டிக் கொண்டுவந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். சர்க்கரை என்று எழுதியிருந்த டப்பாவிலிருந்து தாராளமாக அள்ளிப் போட்டுக் கொடுத்தேன். கடைசிச் சொட்டு வரை குடித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “காபி நல்லாருக்கு தோர்கில். கொஞ்சம் கடல் பக்கமா இருக்கு, அவ்வளவுதான்” என்றார்.

எழுந்து பார்த்தால் ஒட்டியதெல்லாம் இடம் மாறியிருக்கிறது. உப்பு சர்க்கரையாகிவிட்டது, அடுப்பு ஜன்னலாகிவிட்டது, கக்கூஸ் கதவில் ‘ரொட்டி’ என்றிருக்கிறது. ஐயோ, பிள்ளைக்கு எழுத்தெல்லாம் மறந்தே போச்சே என்று பதறி, அவளை உட்கார வைத்து உப்பு உப்பு என்று பக்கம் பக்கமாக எழுத வைத்தேன். சாயங்காலம் பிர்கித் வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“தோர்கில், உனக்கு அடிபட்டது கால்லதானா? இத்தனையில ஒண்ணாவது தற்செயலா சரியான எடத்துல இருக்கா பாரு. நல்லாப் படிக்கத் தெரிஞ்சவளாலதான் எல்லாத்தையும் இவ்வளவு ஒழுங்காத் தப்பா ஒட்ட முடியும்.”

அப்படியானால் புத்தகத்தை எடுத்தால் மட்டும் ஏன் வயிறு வலிக்கிறது என்கிறாள் இவள்? டில்டாவையே கேட்டேன். “சாமான்ல இருக்கற எழுத்து எனக்குத் தெரியும். புஸ்தகத்துல இருக்கற எழுத்து தெரியாது” என்றாள். எல்லா எழுத்தும் ஒரே எழுத்துதான் என்று எவ்வளவோ சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சரி, புதுசு எதுவும் வேண்டாம், அவளுக்குத் தலைகீழாய்த் தெரிந்த புத்தகத்தையே வைத்துத் தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். அக்கா, அந்த முடிவை நான் எடுக்காமலே இருந்திருக்கலாம்.

அது வாத்துப் புத்தகம். வாத்துக் குஞ்சு பல் தேய்க்கப் பழகுகிற கதை. டில்டா மடியில் உட்காரத் தொடங்கிய நாளிலிருந்து அதைத்தான் கேட்பாள். அதில் ஒரு சங்கடம் என்னவென்றால், வாத்துக்குப் பல் கிடையாது. நாள் பூராவும் வண்டிகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, இல்லாத பல்லை வாத்து மேலும் கீழும் தேய்ப்பதை ஒரு மனிதன் எத்தனை தடவை வாசிப்பான்? ஒரு நாள் வாத்தை ஃபெர்ரி கேப்டனாக்கிவிட்டேன். அது தானாக நடந்தது. இன்னொரு நாள் ஒரு பசு வந்து சேர்ந்தது. நம் தட்டை நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பசு, ஒரு மலையையாவது பார்த்துவிட வேண்டும் என்று நார்வேக்குப் புறப்பட்டு, டிக்கெட் எடுக்காமல் கப்பலேறி, பிடிபட்டதும் “நான் பயணி இல்ல, சரக்கு” என்று வாதாடுகிற பசு. படத்தில் பசு எங்கே என்று டில்டா கேட்டபோது, டிக்கெட் இல்லையே, அதனால் குளியல் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்றேன். அன்றிலிருந்து அந்தத் தொட்டியைப் பார்த்தாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அந்தப் புத்தகத்தை அவள் கையில் கொடுத்து, “நீயே வாசி பார்க்கலாம்” என்றேன். முதல் வரியில் விரலை வைத்தாள். உதடு அசைந்தது. விரல் வரி முடிவு வரை போய், மறுபடி ஆரம்பத்துக்கு வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினாள், மறுபடி முன் பக்கத்துக்கே வந்தாள். பிறகு கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“என்னடா கண்ணு?”

“பசுவைக் காணோம்ப்பா. ரெண்டே எழுத்து. எனக்கு அது நல்லாத் தெரியும். எல்லாப் பக்கத்துலயும் தேடறேன், என் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. ஸ்கூல் புஸ்தகத்துலயும் நான் வாசிக்கறது ஒண்ணு, எழுதியிருக்கறது ஒண்ணாத்தான் இருக்கும். எனக்கு வாசிக்க வரல.”

அக்கா, ஐஸ்கிரீமில் வழுக்கி விழுந்தபோது கூட எனக்கு இப்படி இல்லை. உண்மையைச் சொன்னேன். பசு புத்தகத்தில் இல்லை கண்ணே, அப்பா இட்டுக்கட்டியது, நீ வாசித்ததுதான் சரி என்றேன். அழுகை சட்டென்று நின்றது. ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

“கேப்டன்?”

“அதுவும்தான்.”

“கப்பல்?”

“புத்தகத்தில் கப்பலே இல்லடா.”

“அப்ப நீ எனக்கு வாசிச்சதே இல்லையா?”

அலமாரியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துவந்து தரையில் போட்டு வாசிக்கத் தொடங்கினாள். இதில் மீசைக்குள் எலி குடியிருக்கவில்லை, இதில் ராஜா திக்கிப் பேசவில்லை, இதில் யாருமே மிதிவண்டியைத் தின்னவில்லை என்று ஒவ்வொன்றாய் ஒதுக்கி வைத்தாள். ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தாள் என்பதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை. பிறகு எழுந்து, “இனிமே அம்மாவே வாசிக்கட்டும். அம்மா இருக்கறதை வாசிப்பாங்க” என்றாள்.

இப்போது பிர்கித்தான் வாசிக்கிறாள். நான் மாவுக்கட்டை நீட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்து, வாத்து மேல் வரிசை தேய்ப்பதையும் கீழ் வரிசை தேய்ப்பதையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம் கிடையாது. பிர்கித் வெளியே வந்து, “அழாதே, கட்டு நனைஞ்சுடும்” என்று வேறு சொல்லிவிட்டுப் போகிறாள்.

பொய்யன் என்று பிள்ளை நினைப்பதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இந்த வருஷம் முழுக்க அவள் வகுப்பில் உட்கார்ந்து, விரலை வரி வரியாய் நகர்த்தி, பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கடகடவென்று வாசிக்கும்போது தான் மட்டும் பாதியில் நின்று, நாம் எதையோ விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று மறுபடி முதல் வரிக்குப் போயிருக்கிறாளே, அதை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. அவள் தேடியது நான் கொண்டுவந்து விட்ட மாட்டை. பத்து டீச்சர் சேர்ந்தாலும் கெடுக்க முடியாததை, நான் மடியில் வைத்துக் கொஞ்சியே கெடுத்திருக்கிறேன்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை பிர்கித் டில்டாவைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஆல்போருக்கு வருவாள். பஸ் நிலையத்துக்கு நீ வந்துவிடு. மிச்ச விடுமுறை முழுக்க அவள் உன்னிடமே இருக்கட்டும். அச்சடித்ததை அச்சடித்தபடி வாசிக்கிற ஆள் அவளுக்கு வேண்டும். உன் பெட்டியையும் அப்படியே திருப்பி அனுப்புகிறேன். இனி இந்த வீட்டில் நான் ஒரு புத்தகத்தையும் தொட மாட்டேன், ஒரு கதையும் சொல்ல மாட்டேன். இதை யோசித்து, நிதானத்தோடு எழுதுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் ஸ்ட்ராபெரி செழிக்கட்டும், நத்தைகள் வேறு தோட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

தலை குனிந்தபடி உன் தம்பி,
தோர்கில்

பின்குறிப்பு: சனிக்கிழமை பஸ் நிலையத்துக்கு வராதே. இந்தக் கடிதத்தைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு உறை தேடப் போனேன். நொண்டிக்கொண்டு திரும்பி வந்தால், டில்டா நாற்காலியில் மண்டி போட்டு இதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். “பேப்பர் கெடைக்கல” என்றாள். என்ன எழுதுகிறாய் என்றேன். “பசுவை. அது புஸ்தகத்துல இல்லைன்னா யாராவது எழுதித்தானே ஆகணும்? நார்வேயில எறங்கினப்புறம் என்னாச்சுன்னு நீ சொல்லவே இல்ல. இப்ப சொல்லு.” இனிமேல் கதை சொல்வதில்லை என்று அத்தைக்கு எழுதியிருக்கிறேனே என்றேன். “சரி, மெதுவாச் சொல்லு. எனக்கு எழுத நேரம் ஆகும்” என்றாள். எழுதிய வரைக்கும் எனக்கு வாசித்தும் காட்டினாள். பசு வரிக்கு வரி வருகிறது, ஒரு இடத்தில்கூட விரல் நிற்கவில்லை. உன் பெட்டியும் இங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து மூன்று புத்தகங்களை முடித்துவிட்டாள், மூன்றிலும் ரிப்பேர் வேலை இருக்கிறதாம். ஆகையால் முன்பக்கத்தை நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இந்தத் தாளை மட்டும் உடனே தபாலில் திருப்பி அனுப்பு. பசு கப்பலிலிருந்து ஒரு காலைக் கரையில் வைத்திருக்கிறது. மிச்சம் மூன்று கால் பாக்கி என்று அவள் என்னை விட மாட்டேன் என்கிறாள்.