ஞாயிற்றுக்கிழமை அழுகை

குழந்தைகள் அழுவதால்தான் சாம்ராஜ்யங்கள் சரிகின்றன என்ற மகத்தான உண்மையைக் கண்டுபிடித்தவர், கல்கத்தா பவானிபூரில் குடியிருந்த வைத்தீஸ்வரன் அவர்கள். அந்த வருஷம்தான் தலைநகரத்தை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். ஊரில் அழாத குமாஸ்தா இல்லை. அத்தனை பேரும் சின்ன வயதில் அழுது பழகியவர்கள் என்பதை வைத்தீஸ்வரன் உடனே கவனித்துவிட்டார்.

விளைவு, 'பாலர் மனோதிட சபை'. தலைவர், கம்பெனி உத்தியோகஸ்தர் மஹாதேவன். காரியதரிசி, வைத்தீஸ்வரன். பரிசோதனைக்கு ஒரு குழந்தை வேண்டியிருந்தது. வைத்தீஸ்வரனுக்கு ஆறு வயதில் ஜலஜா இருந்தாள்.

அவருடைய கிளைவ் தெரு ஆபீஸில் எந்தக் குறையும் உரிய வழியாகத்தான் மேலே போகும். அதே சட்டம் வீட்டுக்கும் வந்தது. அழுகை வந்தால் அடக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலைக் காபிக்குப் பிறகு அப்பாவிடம் 'மனு' செய்ய வேண்டும். அனுமதி கிடைத்தால் அழலாம். நடுவில் யாரும் விசாரிக்கக் கூடாது. 'யாரும்' என்றால் அம்மா.

முதல் ஞாயிறு ஜலஜா வந்து நின்று வெகுநேரம் யோசித்தாள். எதற்காக அழ நினைத்தோம் என்பதே மறந்து போயிருந்தது. வைத்தீஸ்வரன் பூரித்துப் போனார்.

தை மாதக் குளிரில் ஒரு சனிக்கிழமை, அவர் மனைவி அனந்தலக்ஷ்மி தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஏன்னா, குழந்தை நேத்து சாயங்காலத்திலேருந்து சால்வைக்குள்ளேருந்து கையை வெளியிலேயே எடுக்கலை. சாதமும் வேண்டாங்கறா. என்னடின்னு கேட்டா, நாளைக்குச் சொல்றேங்கறா."

"பார்த்தியா! இதுக்குப் பேர்தான் திடம். நீ நடுவிலே புகுந்து கெடுத்துடாதே."

"எங்கேயாவது விழுந்திருப்பாளோன்னு பக்கத்தாத்து வங்காளி மாஷிமா சொல்றா..."

"துர்க்கையைக் கங்கையிலே கரைக்கறச்சேகூட அழறவா அவா. அவா பேச்சையெல்லாம் கேக்காதே."

மறுநாள் அவர் வீட்டுக் கூடத்தில் சபை கூடியது. காபி முடிந்தது. ஜலஜா சால்வையோடு வந்து நின்றாள். வைத்தீஸ்வரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சபை தொடங்கிய நாள்முதல் இந்த வீட்டில் அழுகை என்பதே பதிவாகவில்லை என்று அறிவித்தார். ஒரே கரகோஷம்.

"பேஷ்! நீயும் கை தட்டு, குழந்தே" என்றார் மஹாதேவன்.

ஜலஜா தட்டவில்லை. வலக்கையால் சால்வையை விலக்கினாள். இடது மணிக்கட்டு வீங்கிக் கன்றிப் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை மாடிப்படியிலே விழுந்துட்டேன். காபி ஆயிடுத்தாப்பா? இப்போ அழலாமா?"

"அவசர மனுவுக்கு விதி இருக்கோ?" என்று மஹாதேவன் மெல்லக் கேட்டார்.

"பாவிகளா!" என்று அலறிக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள் அனந்தலக்ஷ்மி.

வைத்தீஸ்வரன் அனுமதி கொடுப்பதற்குப் பதிலாக, குழந்தையின் எதிரே தரையில் உட்கார்ந்து, சபை முன்னிலையில் விம்மி விம்மி அழுதார்.

ஜலஜா உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் தலையைத் தடவினாள்.

"சரிப்பா, இந்த வாரம் நீ அழுதுக்கோ. நான் அடுத்த ஞாயித்துக்கிழமை அழறேன்."