நம்பிக்கையாரின் கடிகாரம்

ஊருக்கு நாலு பேராவது இந்த இனத்தில் தேறுவார்கள். பிறர் நெற்றியில் "நாத்திகன்" என்று முத்திரை குத்துவதற்காகவே அவதரித்தவர்கள். உங்களுக்கும் ஒரு குத்து விழுந்திருக்கும், ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

அலுவலகமே நம்பிக்கையார் என்று அழைக்கும் தலைமை எழுத்தரை எடுத்துக்கொள்ளுங்கள். மழை வராது என்று அவர் சொன்ன பிறகும் குடையை எடுத்தவன் நாத்திகன். அவர் சரிபார்த்த கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்த தட்டச்சர் நாத்திகர். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று அடம்பிடித்த டாக்டர் குடும்பத்தோடு நாத்திகர். கடவுளா? பாவம், அவரை இந்த விவகாரத்தில் யாரும் இழுக்கவே இல்லை.

சிரிப்பு வருகிறதா? அவர் மகளுக்கு வரவில்லை. வயது முப்பத்தொன்று. அவர்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் இருபது நிமிடம் வேகமாக ஓடும். உலகத்திலேயே சரியான நேரம் அதுதான் என்பது அப்பாவின் கட்சி. முதலில் வந்த மாப்பிள்ளை தினம் மூன்று வேளை பிரார்த்தனை செய்கிறவர். என்ன பிரயோஜனம்? கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தையும் பார்த்துத் தொலைத்தார். "நாத்திகப் பய! கிளம்பச் சொல்லு!" இரண்டாமவர் செல்போனைப் பார்த்தார். அவரும் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவது ஆள், மகளே மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்த லிஃப்ட் மெக்கானிக். "உள்ள வந்தா தரைய மட்டும் பாருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று வாசலிலேயே கெஞ்சினாள். மனிதர் நேராகக் கடிகாரத்தைத்தான் பார்த்தார். இதுவும் போச்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவரோ தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முள்ளைத் திருகி, இருபது நிமிடம் கூட்டி வைத்துக் கட்டிக்கொண்டார்.

நம்பிக்கையாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமா, ஒண்ண மறைக்கக் கூடாது. எனக்குக் கடவுள் நம்பிக்கை சுத்தமாக் கிடையாது."

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அதெல்லாம் அவங்கவங்க சொந்த விஷயம் மாப்ள! மனுஷனுக்கு பக்தி வேணும். அது உங்ககிட்ட நிறையவே இருக்கு."

கல்யாணத்தன்று அத்தனை பேரும் அந்தக் கடிகாரப்படி வந்து, பூட்டிய மண்டபத்தின் வாசலில் இருபது நிமிடம் நின்றார்கள். ஒருவரும் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் துணியவில்லை.

இப்படியும் ஒருவர் உண்டா என்று உதட்டைப் பிதுக்குகிறீர்கள். பிதுக்குங்கள். ஆனால் போன வாரம் நீங்கள் சொன்ன வழியை விட்டுவிட்டு வேறு வழியில் போய், உங்களுக்கு முன்பே வீடு சேர்ந்தாரே உங்கள் மைத்துனர், அவரோடு இன்னும் பேசாமல் இருக்கிறீர்களே, அது ஏன்?