‘பட்டது’ எழுதியவன் படும் பாடு

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. நலம் போனதெல்லாம் என் வீட்டில்தான். போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பாய் என்றுதான் கடிதம்.

என் மகளை உன் வகுப்பில் சேர்த்தவன் நான். அத்தையிடம் படித்தால் சமூக அறிவியலிலாவது தேறுவாள் என்று நினைத்தேன். நீ என்ன செய்தாய்? பாடத்தில் ‘அணை கட்டப்பட்டது, மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர்’ என்று வந்தால் சும்மா படித்துவிட்டுப் போகாதீர்கள், ‘யாரு? யாரைக் கேட்டு?’ என்று கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தாயாம். அணையோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? ஆபீஸில் ‘பரிசீலிக்கப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதியே வயிறு வளர்க்கிறவன் நான். அந்தப் ‘பட்டது’வில் எவன் பெயரும் வராது, எவன் தலையும் உருளாது. போன வாரம் டம்ளர் கைதவறி விழுந்துவிட்டது என்றேன். "யாரு கைப்பா?" என்கிறாள்!

அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "எனக்கு வேற ஊருக்கு மாற்றல் போடப்பட்டிருக்கு, எல்லாரும் கிளம்பணும்" என்றேன். முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஒவ்வொரு வாடிக்கையாளராகச் சேர்த்தவள் உன் அண்ணி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும், "உத்தரவுன்னா என்ன பண்றது, உங்களைச் சொல்லி என்ன?" என்றாள். அப்பாடா என்று நான் மறுசோறு போட்டுக்கொள்ளும்போது உன் மருமகள் கேட்டாள்: "மாத்தச் சொல்லிக் கேட்டது யாருப்பா?" எனக்குப் புரையேறிவிட்டது. அதுவே பதிலாகவும் போய்விட்டது. அங்கே பிரிவுத் தலைவர் நாற்காலி காலியாக இருந்தது, ஆசைப்பட்டு நானே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன், கொலையா செய்துவிட்டேன்? "யாரைக் கேட்டு?" அம்மாவும் மகளும் ஒரே குரலில்.

அன்றிலிருந்து உன் அண்ணி என்னோடு பேசுவதில்லை. மெஷின் மட்டும் கடகடவென்று ஓடுது, மனசுக்குள்ள என்னையேதான் போட்டுத் தைக்கிறாளோ என்னவோ. ஆபீஸ்ல நான் வந்தா நாலு பேரு எழுந்து நிப்பாங்க. இங்க நான் உக்கார்ந்தா ரெண்டு பேரு எழுந்து போறாங்க. உன்கிட்ட சொல்றதுக்கென்ன, அவ பேசாம இருக்கிறதை என்னால தாங்க முடியலைம்மா. அவ பேசலைன்னா அந்த நாற்காலியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? நீ தயவுசெய்து பழையபடி வருஷத்தையும் தலைநகரத்தையும் மனப்பாடம் பண்ண வை. நாம அப்படித்தானே படிச்சோம், கெட்டா போயிட்டோம்?

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். உன் கேள்விகளிலிருந்து அவராவது தப்பிப் பிழைக்கட்டும் என்று வாழ்த்தும்,
அண்ணன்

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. இன்று காலை என் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது. சரி, நான்தான் வாபஸ் வாங்கினேன், போதுமா? ஓட்டமாக வந்து உன் அண்ணியிடம் சொன்னேன். மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நாங்கள் மாறிப் போகவிருந்த ஊரின் கடைத்தெருவில், தையலுக்கு இந்த முன்னறையைவிடப் பெரிய கடையாகப் பார்த்து, நேற்றே வாடகை பேசி முடித்துவிட்டாளாம். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்து என்னிடம் கேட்டது இதுதான்:

"யாரைக் கேட்டு வாபஸ் வாங்குனீங்க?"